அடிக்குரலின் வரலாறு: சார்லஸ் மிங்கஸும் இசைத்தட்டின் அரசியலும்

1

ஜாஸ் இசையின் வரலாறு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி இசைத்தட்டுகளின் வரலாறுதான். எந்தத் தட்டு எந்த ஆண்டு வந்தது, யார் யார் வாசித்தார்கள், எந்தக் கம்பெனி வெளியிட்டது என்ற பட்டியலை வைத்துக்கொண்டுதான் விமர்சகர்கள் கட்டங்களையும் போக்குகளையும் பிரித்திருக்கிறார்கள். தட்டில் ஏறாதது வரலாற்றிலும் ஏறவில்லை. ஆவணக் காப்பகத்தை நம்பி எழுதப்படும் எல்லா வரலாறுகளுக்கும் உள்ள சிக்கல்தான் இது. ஆவணத்தை உண்டாக்கியவர் யார், எதற்காக உண்டாக்கினார், எதை விட்டுவிட்டார் என்று கேட்காமல் படித்தால் ஆள்பவரின் கணக்கையே நாமும் ஒப்பித்துக்கொண்டிருப்போம். காலனிய ஆவணங்களை அடித்தள மக்கள் ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் வாசித்தது இதனால்தான். அதே கேள்வியை ஒலியின் ஆவணத்திடமும் கேட்டுப் பார்க்கலாம் என்பதே என் அக்கறை.

கேட்டவர் ஒருவர் ஏற்கனவே இருக்கிறார். சார்லஸ் மிங்கஸ் (1922-1979). டபுள் பாஸ் வாசித்தவர், இசையமைப்பாளர். ஒலிப்பதிவு, மைக், கம்பெனி, கடை என்று இசையைச் சுற்றியுள்ள எல்லாவற்றைப் பற்றியும் வாழ்நாள் முழுக்கப் பேசியும் எழுதியும் சண்டை போட்டும் வந்தவர். இந்தப் பேச்சையெல்லாம் 'கோபக்காரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது ஜாஸ் எழுத்தின் வழக்கம். கறுப்பர் ஒருவர் கணக்குக் கேட்டால் அது அவருடைய சுபாவக் கோளாறு ஆகிவிடுகிறது! அந்தக் கோபத்துக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மைக் பற்றிய அவர் புகார், ஒப்பந்தம் பற்றிய புகார், விற்பனை பற்றிய புகார் மூன்றும் ஒரே புகார்தான்: என் ஒலி யாருடையது?

2

இந்தக் கேள்வி ஒரு பாஸ் வாசிப்பவரிடமிருந்து வந்தது தற்செயல் இல்லை. ஒலிப்பதிவு எந்திரம் பிறந்த நாளிலிருந்தே தவறவிட்ட குரல் பாஸின் குரல்.

முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லப்படுவது 1917இல் விக்டர் கம்பெனி வெளியிட்டது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற பெயர் வைத்துக்கொண்ட ஐந்து வெள்ளையர்கள். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பர்கள் உருவாக்கிய இசை, வெள்ளையர் கைவழியாகத்தான் முதலில் தட்டில் ஏறியது. அந்த ஐந்து பேரில் பாஸ் வாசிப்பவர் எவரும் இல்லை. அன்று மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். ஒலி அதிர்வு ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறும். ஏறத்தாழ 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை இந்தக் கூம்பு சரியாக வாங்காது. டபுள் பாஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே அந்தக் காலத் தட்டுகளில் பாஸ் இருந்த இடத்தில் ஊதுகருவியான ட்யூபாவை உட்கார வைத்தார்கள், அல்லது அந்த இடத்தையே காலியாக விட்டார்கள். பெரிய டிரம்முக்கும் இதே கதி. ஊசி துள்ளிவிடும் என்பதால் மரக்கட்டையையும் மாட்டுமணியையும் தட்டிச் சமாளித்தார்கள். பிற்காலத்தில் இந்தத் தட்டுகளைக் கேட்ட விமர்சகர்கள், ஆரம்பகால ஜாஸின் தாளம் மெலிந்தது என்று எழுதினார்கள். மெலிந்தது எந்திரத்தின் காது.

மின்சார ஒலிப்பதிவு 1925இல் வந்தது. பாஸ் கேட்க ஆரம்பித்தது. ஆனால் எந்திரம் மாறினாலும் உறவு மாறவில்லை. 1920இல் மேமி ஸ்மித் ஓகே கம்பெனிக்காகப் பாடிய ப்ளூஸ் தட்டு அமோகமாக விற்ற பிறகுதான் கறுப்பர்களும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே 'இனத் தட்டுகள்' என்று தனி வரிசை, தனிப் பட்டியல். இசையிலும் சேரி பிரித்தாகிவிட்டது. பெஸ்ஸி ஸ்மித் 1923 முதல் கொலம்பியாவுக்குப் பாடினார். தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி, ராயல்டி கிடையாது. கம்பெனியைக் காப்பாற்றிய குரலுக்கு அன்றைய கூலியோடு சரி.

சட்டமும் இதற்கு ஒத்தாசை. 1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் காகிதத்தில் எழுதிய மெட்டை மட்டும் சொத்தாகக் கண்டது. வாசித்த ஒலிக்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு 1972 பிப்ரவரியில்தான் வந்தது. எழுத்து மட்டுமே படைப்பு, வாசிப்பு வெறும் உழைப்பு என்ற இந்த எதிர்மை, மேடையில் அந்தக் கணத்தில் உருவாக்குகிறவர்களின் கலையை அடியோடு சொத்துரிமைக்கு வெளியே தள்ளியது. சார்லி பார்க்கர் ஒரு மெட்டின் மேல் நின்று புதிதாக எதை வாசித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 'படைப்பு' ஆகாது.

3

மிங்கஸ் அரிசோனாவில் நொகாலெஸில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் செல்லோ வாசித்தார். மேற்கத்திய செவ்வியல் இசையில் கறுப்பனுக்கு இடமில்லை, பாஸை எடு என்று அவரைத் திருப்பியவர் நண்பர் பட்டி கோலெட். எந்த வாத்தியத்தை வாசிப்பது என்பதைக்கூட நிறம் தீர்மானித்தது. அந்த ஊரில் இசைக்கலைஞர் சங்கமே இரண்டு: வெள்ளையர்களுக்கு 47ஆம் கிளை, கறுப்பர்களுக்கு 767ஆம் கிளை. இரண்டையும் ஒன்றாக்கக் கோலெட்டும் மிங்கஸும் மற்றவர்களும் வேலை செய்தார்கள். 1953இல் அது நடந்தேறியபோது மிங்கஸ் நியூயார்க் போய்விட்டிருந்தார்.

சங்கம் என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. காரணம் எளிது. வானொலியும் ஜூக்பாக்ஸும் தட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் நேரில் வாசிப்பவருக்கு வேலை எங்கே? தான் பதிவுசெய்த ஒலியே தனக்கு எதிராகக் கருங்காலி வேலை பார்க்கிறது என்பதைச் சங்கம் கண்டுகொண்டது. மார்க்ஸ் 'இறந்த உழைப்பு' என்று சொன்னதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரிலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும் இறங்கி வந்தன. போராட்டம் நியாயமானது, வெற்றியும்கூட. ஆனால் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் பீபாப் இசை உருவாகிக்கொண்டிருந்த அதே மாதங்கள் இவை. அந்த உருவாக்கத்துக்கு ஏறக்குறைய ஒலி ஆவணமே இல்லை. 1945இல் பார்க்கரின் தட்டுகள் வந்தபோது எல்லாம் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது. 'மேதை' என்ற கதையாடல் இந்த மாதிரி இடைவெளிகளில்தான் முளைக்கிறது.

4

1952இல் மிங்கஸ், அவர் மனைவி சீலியா, டிரம் கலைஞர் மாக்ஸ் ரோச் ஆகியோர் சேர்ந்து டெபு ரெகார்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கலைஞர்களே நடத்திய கம்பெனி. அதன் பெயரை நிலைக்க வைத்தது 1953 மே 15 அன்று கனடாவில் டொரான்டோ நகரின் மாஸி ஹாலில் நடந்த கச்சேரி. பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், ரோச். அன்று இரவு வானொலியில் மார்சியானோ - வால்காட் குத்துச்சண்டை. அரங்கம் நிறையவில்லை. ஏற்பாடு செய்த ரசிகர் சங்கத்தால் பேசிய பணத்தைக் கொடுக்க முடியவில்லை. தனக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று கில்லெஸ்பி பிற்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கையில் மிஞ்சியது ஒலிநாடா. அதை டெபு வெளியிட்டது. பார்க்கர் வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததால் தட்டில் அவர் பெயர் 'சார்லி சான்'. தன் பெயரில் வாசிக்கும் உரிமைகூட அவர் கையில் இல்லை.

என்னை இந்தத் தட்டில் இழுத்தது வேறொரு விஷயம். நியூயார்க் வந்து நாடாவைப் போட்டுக் கேட்டபோது பாஸ் சரியாக விழவில்லை. மிங்கஸ் ஸ்டுடியோவுக்குப் போய்த் தன் பகுதியை மறுபடி வாசித்து மேலே சேர்த்தார். ஆக, உலகம் 'நேரடிக் கச்சேரி' என்று கொண்டாடிய தட்டில் பாஸ் மட்டும் அந்த இரவின் பாஸ் இல்லை. எனக்கு இந்தக் கச்சேரி முதலில் கிடைத்தது ஒரு நண்பர் காசெட்டில் பதிவு செய்து கொடுத்தது. அதில் பாஸ் தூக்கலாக, மற்றவர்களைவிட நெருக்கத்தில் ஒலிக்கும். பல காலம் கழித்து மேற்பதிவு இல்லாத வடிவத்தைக் கேட்டேன். பாஸ் எங்கோ சுவருக்குப் பின்னால் நடப்பது போல இருந்தது. 2023இல் இரண்டு வடிவங்களும் சேர்த்தே வெளியிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

இதை மோசடி என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்திரத்தின் பதிவுதான் 'உண்மை', அதில் கைவைப்பது பொய் என்று சொல்வதற்கு முன்னால், அந்த எந்திரம் யாரை நெருக்கத்தில் வைத்தது, யாரைத் தூரத்தில் நிறுத்தியது என்று கேட்க வேண்டும். மாஸி ஹாலில் இருந்தவர்கள் பாஸைக் கேட்டார்கள். நாடா கேட்கவில்லை. நாடாவின் சாட்சியத்துக்கு எதிராக மிங்கஸ் தன் சாட்சியத்தைச் சேர்த்தார். வால்டர் பெஞ்சமின் 1930களில் எந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் 'ஒளிவட்டத்தை' அழிக்கிறது என்று எழுதினார். இங்கே மூலமே குறைபட்டது, பிரதியில்தான் ஆள் முழுசாக இருக்கிறார். பெஞ்சமினை இந்த இடத்தில் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

5

ஒலிப்பதிவுப் பொறியாளர்களில் ரூடி வான் கெல்டர் அளவுக்குப் புகழ் பெற்றவர் இல்லை. கண் பரிசோதகராகப் பிழைத்துக்கொண்டு, நியூஜெர்சியில் ஹாக்கன்சாக் ஊரில் பெற்றோர் வீட்டு முன்னறையில் பதிவு செய்யத் தொடங்கினார். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டினார். ப்ளூ நோட், பிரஸ்டீஜ் கம்பெனிகளின் புகழ்பெற்ற தட்டுகள் பெரும்பாலும் அவர் கைவேலை. மைக்கை எங்கே வைக்கிறார் என்பது தொழில் ரகசியம்.

1960இல் விமர்சகர் லியோனார்ட் ஃபெதர் மிங்கஸிடம் பெயர் சொல்லாமல் தட்டுகளைப் போட்டுக் கருத்துக் கேட்டார். அந்த உரையாடலில் மிங்கஸ் வான் கெல்டரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அவர் ஆட்களின் நாதத்தையே மாற்றப் பார்க்கிறார், டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸை மைக் முன் நிறுத்திய விதத்திலேயே அது நடந்ததைத் தான் கண்ணால் பார்த்ததாகவும், தன் பாஸ் ஒலியைக் கெடுத்துவிட்டார் என்பதால் அவரிடம் போவதில்லை என்றும் சொன்னார்.

வான் கெல்டரை விரும்பிய கலைஞர்களும் நிறைய. ப்ளூ நோட்டின் ஆல்ஃபிரட் லயன் ஒத்திகைக்கும் கூலி கொடுத்தவர், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் மிங்கஸ் சொல்வதன் சாரம் ரசனைப் பிரச்சினை இல்லை. ஒரு கம்பெனியின் தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி 'நல்ல' ஒலியுடன் வருகின்றன என்றால், அந்த ஒலி கம்பெனியின் முத்திரை. கலைஞரின் விரல், தந்தி, மரம், பழக்கம் எல்லாம் சேர்ந்து இருபது வருஷத்தில் உண்டான நாதத்தை, மைக்கை நகர்த்தி ஒருவர் அரை மணியில் திருத்திவிட முடியும். பத்திரிகை ஆசிரியர்கள் கிராமத்து ஆளின் பேச்சை 'நல்ல தமிழாக' மாற்றி அச்சிடும்போது நடக்கிற அதே வேலை.

மிங்கஸ் எந்திரத்துக்கு எதிரி கிடையாது. 1963இல் இம்பல்ஸ் கம்பெனிக்காக அவர் செய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' முழுக்க நாடாவை வெட்டி ஒட்டியும் மேற்பதிவு செய்தும் கட்டப்பட்டது. அதன் உறைக் குறிப்பில், தன் மற்ற தட்டுகளை, ஒன்று போக, தூக்கி எறிந்துவிடும்படி வாசகர்களிடம் சொல்கிறார். தொழில்நுட்பம் யார் சொல்படி நடக்கிறது என்பதே அவருக்குப் பிரச்சினை.

6

கொலம்பியாவுக்கு 1959இல் செய்த 'மிங்கஸ் ஆ உம்' இன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும் தட்டு. தட்டின் நேர அளவுக்குப் பொருந்த அதன் பல துண்டுகள் வெட்டப்பட்டே வெளியாயின. வெட்டியவை 1979இல்தான் வெளிவரத் தொடங்கின. மிங்கஸ் அந்த ஜனவரியில் இறந்துபோனார். அதே தட்டில் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' வாத்திய இசையாக மட்டும் இருக்கிறது. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பு மாணவர்கள் நுழையாமல் படை நிறுத்திய அர்கன்சா ஆளுநர் ஆர்வல் ஃபாபஸைக் கிண்டல் செய்வது அது. வார்த்தைகளைக் கொலம்பியா அனுமதிக்கவில்லை என்று ஒரு சாராரும், வார்த்தைகள் பின்னால்தான் சேர்ந்தன என்று மற்றவர்களும் சொல்கிறார்கள். எது எப்படியோ, வார்த்தைகளோடு அது வெளியானது, 1960 அக்டோபரில் கேண்டிட் என்ற சிறு கம்பெனிக்காக நாட் ஹென்டாஃப் மேற்பார்வையில் பதிவானபோதுதான். மிங்கஸும் டிரம் கலைஞர் டானி ரிச்மண்டும் கேள்வி பதிலாகக் கத்திப் பாடுகிறார்கள்.

அந்தத் தட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டுடியோவில் ஜனங்களே இல்லை. ஆனாலும் மிங்கஸ் ஒரு விடுதியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து, கண்ணாடி டம்ளரைக் கலகலக்க வேண்டாம், கல்லாப்பெட்டிச் சத்தம் வேண்டாம் என்று அறிவிக்கிறார். கல்லாப்பெட்டி இல்லாத ஒரு கச்சேரியை அவரால் கற்பனையில்தான் உண்டாக்க முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவின் வியாபாரப் போக்கை எதிர்த்து அவரும் ரோச்சும் பக்கத்திலேயே கிளிஃப் வாக் மேனர் விடுதியில் போட்டி விழா நடத்தியிருந்தார்கள்.

1960களின் நடுவில் மிங்கஸ் மறுபடி சொந்தக் கம்பெனி தொடங்கினார். இந்த முறை கடையே வேண்டாம், தபாலில் மட்டும் விற்பனை. ஒரு காலத்தில் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர் அவர். சந்தா, ரேப்பர், தபால்தலை என்று பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் சுகமும் கஷ்டமும் சொல்லாமலே தெரியும். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகக் கச்சேரியின் தட்டு 200 பிரதிகள் மட்டும் அச்சானது, பணம் தீர்ந்துவிட்டது. 1966 நவம்பரில், இசைப்பள்ளி நடத்த நினைத்து எடுத்திருந்த நியூயார்க் கிரேட் ஜோன்ஸ் தெரு மாடியிலிருந்து அவரைச் சாமான்களோடு வெளியேற்றினார்கள். தாமஸ் ரைக்மன் எடுத்த ஆவணப்படத்தில் இது இருக்கிறது. பாஸும் இசைத்தாள்களும் தெருவில். கம்பெனிகள் கறந்த பாலுக்குக் கணக்குக் கேட்டவரின் முகவரி அன்றைக்கு அதுதான்.

7

இங்கே ஒரு புனிதரை நிறுத்திவிட்டு நகர்வது சுலபம். அது நமக்கு உதவாது. டெபு கம்பெனியின் கடிதப் போக்குவரத்து, கணக்கு, அனுப்புதல் என்ற அன்றாட வேலையைச் சுமந்தவர் சீலியா. 'மிங்கஸும் ரோச்சும் தொடங்கிய கம்பெனி' என்று எழுதும் வரலாறுகளில் அவர் உழைப்பு, பழைய தட்டில் பாஸ் மாதிரி, கேட்காமலே போகிறது. 1962இல் டவுன் ஹால் கச்சேரி ஏற்பாட்டின்போது, தனக்காக உழைத்துக்கொண்டிருந்த டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை மிங்கஸ் அடித்துப் பல்லை உடைத்தார். நெப்பர் ஊதிப் பிழைப்பவர், வாய்தான் அவருக்குக் கருவி. முதலாளியிடம் கணக்குக் கேட்கிறவர் தன் சக தொழிலாளியிடம் முதலாளியாக நடந்துகொள்ள முடியும். இதையும் அதே வரலாற்றில்தான் எழுத வேண்டும்.

அடோர்னோ 1936இல் ஜாஸை எழுதித் தள்ளுபடி செய்தார். அது பண்பாட்டுத் தொழிலின் சரக்கு, அதில் காணும் சுதந்திரம் போலி என்றார். நம் ஊர் இடதுசாரி எழுத்தில் இதை அப்படியே எடுத்து எல்லா ஜனரஞ்சக இசையின் மேலும் ஒட்டும் பழக்கம் இருந்தது. சரக்காக்கத்தைப் பற்றி அடோர்னோ சொன்னதெல்லாம் மிங்கஸுக்குத் தெரியும், தோலில் தெரியும். வித்தியாசம், அடோர்னோ சரக்கைப் பார்த்தார். அதற்குள் மாட்டிக்கொண்டிருந்த தொழிலாளி பேசுவதைக் கேட்கவில்லை. பேசினார்கள். உறைக் குறிப்பில், பத்திரிகைப் பேட்டியில், தபால் விளம்பரத்தில், மேடையில் எரிச்சலோடு பேசினார்கள். அவை கோட்பாடாக நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

டெபு தட்டுகளின் உரிமை பிறகு ஃபான்டஸி கம்பெனிக்குப் போனது. 2004இல் ஃபான்டஸியைக் கன்கார்டு வாங்கியது. கூலி முழுசாகக் கொடுக்கப்படாத மாஸி ஹால் இரவு இன்று இன்னொரு பெரிய பட்டியலில் ஒரு வரி. மிங்கஸ் இறந்த பிறகு அவர் துணைவி சூ, திருட்டுப் பதிவுகளோடு மல்லுக்கட்டி 1996இல் 'ரிவெஞ்ச்' என்றே பெயர் வைத்து ஒரு முத்திரையைத் தொடங்கி, திருடப்பட்ட 1964 பாரீஸ் கச்சேரியைத் தானே வெளியிட்டார். பழிவாங்கல் என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

இப்போது இசை தட்டிலும் இல்லை, காசெட்டிலும் இல்லை. ஒரு முறை கேட்டால் பைசாவில் ஒரு துளி என்று கணக்கு எங்கோ நடக்கிறது. வாசித்தவருக்கு அந்தக் கணக்குப் புத்தகம் இன்னும் திறந்து காட்டப்படவில்லை. நாம் பெரும்பாலும் கைபேசியில் கேட்கிறோம். அதன் சின்ன ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவாக எதையும் எழுப்ப முடியாது. கிட்டத்தட்ட 1917இன் கூம்புக்கே திரும்பி வந்திருக்கிறோம். மாஸி ஹால் கச்சேரியை அதில் போட்டால் டிரம்பெட் கேட்கும், சாக்ஸபோன் கேட்கும். பாஸைக் கேட்க வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.